இன்ஜின் ஆறும்வரை

இன்ஜின் ஆற வேண்டும், முக்கால் மணி நேரமாவது ஆகும், சூட்டில் அந்தச் சத்தம் சரியாகப் பிடிபடாது என்று மெக்கானிக் இமெல்டா சொன்னதும் கமலவேணிக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. ஆக, கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் காணாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் இருக்கிறது. கருமண்டபத்திலிருந்து பாலக்கரை வரை ஓடி வந்ததில் வண்டி சூடாகிறது, ஆறும்வரை உட்கார்ந்திருக்கிறார், ஆறியதும் ஸ்டார்ட் செய்து கேட்கிறார்கள், வீட்டுக்கு வருகிறார். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நான்கு மாதமாக ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தவளுக்கு, கடைசியில் இரும்பு ஆற நேரமாகும் என்பதுதான் விஷயமா. ஆறத்தான் வேண்டுமென்றால் முந்தின நாளே வண்டியை விட்டுவிட்டுப் போகலாமே. எதிரெதிரே இரண்டு ஸ்டூல் போட்டு, நடுவில் வண்டியை நிறுத்தி, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்று மூன்றாவதாக அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து இமெல்டாவே தூக்கி வந்து, துடைத்து, “உக்காருங்கக்கா, சார் உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காரு” என்றாள். என்ன சொல்லியிருப்பார். இருபத்து மூன்று வருடத்தில் தன்னைப் பற்றி நிறையச் சொல்லும்படியாக என்ன இருக்கிறது என்று கமலவேணிக்கே தெரியவில்லை.

வீட்டு முன்வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிப் போட்ட பட்டறை அது. இரண்டு வண்டி நிற்கலாம். மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்த வாடை. சுவரில் ஆணி அடித்து ஸ்பேனர்கள் அளவு வரிசையில் தொங்கின, அதற்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம், சின்னச் சிவப்பு பல்ப். வேலைக்கு வேறு ஆள் கிடையாது, எல்லாம் அவள் ஒருத்திதான். சுடிதாருக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுப் பட்டனைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தன் வயதுதான். அதுதான் உறுத்தியது. இருபது வயது குறைந்தவளாக இருந்தால் ஊர் சிரிக்கும், தானும் கூட நின்று சிரித்துவிட்டுப் போகலாம். தன் வயதுக்காரியிடம், தன்னைப் போலவே காதோரம் நரைத்த ஒருத்தியிடம், அப்படி என்ன கண்டுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காய்த்துப்போன விரலால் வண்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் சுடுது சார்” என்றாள் இமெல்டா. அவர் தலையை ஆட்டினார். எவ்வளவு உன்னிப்பாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டுகிறார். உதட்டையே பார்க்கிறார். கூச்சமில்லாமல், மனைவியை ஓரமாக உட்கார வைத்துக்கொண்டு, இன்னொரு பெண்ணின் உதட்டைப் பார்க்கிறார். கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனர்களை எண்ணத் தொடங்கினாள், ஏழு வரை எண்ணியதும் எண்ணுவது நின்றுபோனது. தான் பேசும்போது இவர் தன் முகத்தைப் பார்த்தது கடைசியாக எப்போது என்ற நினைப்பு குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் பேப்பரைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார், டிவியை அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பார்ப்பார். அடுப்படியிலிருந்து எது சொன்னாலும் ஒரு ‘ம்’. போன மாதம் வயிறு எரிந்துபோய், “சோத்துல விஷம் வெச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் ‘ம்’ தான். சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டது, அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

சந்திரமோகன் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். அளந்து ஊற்றுகிறவர், அளந்து பேசுகிறவர். ஒரு காலத்தில் அவருடைய காதுதான் வீட்டில் பெயர் போனது. கல்யாணமான ஐந்தாவது வருடம் இந்த வண்டியை வாங்கிக் கல்லணைக்குப் போகிற வழியில் நடுரோட்டில் நிறுத்தி, “கேட்டியா?” என்றார். அவளுக்கு வாய்க்கால் தண்ணீர் ஓடுவதுதான் கேட்டது. “செயின்ல ஒரு கண்ணி இறுகியிருக்கு” என்று இறங்கிக் குந்தி உட்கார்ந்து, கையால் சக்கரத்தைச் சுற்றி அந்தக் கண்ணியைக் கண்டுபிடித்துக் காட்டினார். எவ்வளவு பெருமையாக இருந்தது அப்போது. தன் மனதிலும் இப்படி ஏதாவது இறுகினால் இவருக்குக் கேட்டுவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. அந்த மனுஷன்தான் பங்குனி மாதம் அவள், “வண்டில என்னமோ கரகரங்குது, டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி, தெருமுனைல வரும்போதே கேக்குது” என்றபோது முகம் செத்துப்போய், “உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்” என்று எரிந்து விழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெக்கானிக், மெக்கானிக் என்று கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். டைமிங் செயினாம், இன்ஜினுக்கு உள்ளேயே ஓடுமாம், வெளியே தெரியாதாம், பதினெட்டு வருடம் ஓடித் தளர்ந்துவிட்டதாம், மாற்றலாமா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கிறார்களாம். அந்தப் பன்மை அப்போதே காதில் குத்தியது. மெக்கானிக் என்றால் மீசை வைத்த ஓர் ஆள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வைகாசியில் ஒரு நாள் அவருடைய போன் அடித்துக்கொண்டே கிடந்தது. எதிரில் உட்கார்ந்துகொண்டு எடுக்காமல் இருந்தார், மனுஷர் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்து இவளே எடுத்தாள். பெண் குரல். “சார்கிட்ட சொல்லிடுங்கக்கா, இந்த வாரம் நான் ஊர்ல இல்ல, வண்டியை எடுத்துக்கிட்டு வர வேணாம்னு.” அவள் சொல்லவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து வேடிக்கை பார்த்தாள். ஞாயிறு காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனவர் அரைமணியில் திரும்பிவந்து, வராந்தாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தக் கோலம் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தக் குரலுக்கு ஒரு முகம், ஒரு புடவை, ஒரு சிரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி வந்தாள். இந்த ஆயில் கறை படிந்த சட்டையை மட்டும் அவள் பொருத்திப் பார்க்கவே இல்லை.

இன்று, சந்தையில் காய் வாங்க வேண்டும், நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள், மறுக்கவில்லை, அதுவும் ஒரு சாமர்த்தியம்தான் என்று பட்டது. தலைமைத் தபால் நிலையம் தாண்டியதும் வலது பக்கம் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு உரசுகிற மாதிரி வந்தது. இவர் ஒதுங்கவே இல்லை. கண்டக்டர் படியில் நின்று திட்டிவிட்டுப் போனான். அவ்வளவு அவசரம், அவ்வளவு வீம்பு, அங்கே போய்ச் சேர. பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று ஷெல்ஃபிலிருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார். எது எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. தன் வீட்டில் சர்க்கரை டப்பா எது என்று தெரியாத மனிதருக்கு இங்கே தூக்குப்போசி இருக்கும் இடம் தெரிகிறது. அவர் தெருமுனை திரும்பினார். இமெல்டா ஒரு கார்புரேட்டரைக் கழற்றி வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டும். எங்கே கற்றுக்கொண்டாய், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டு, பதிலில் எங்காவது நூல் பிசகுகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டாள். ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்ததாகவும், வீட்டுக்காரர் மஸ்கட்டில் டிரைவராக இருப்பதாகவும், வருடத்துக்கு ஒருமுறை வருவார் என்றும் இமெல்டா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். வருடத்துக்கு ஒருமுறை. கமலவேணி அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள், உள்ளங்கையில் அது சுட்டது. அப்போதுதான் இமெல்டா தேய்ப்பதை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், வெகு சாதாரணமாகக் கேட்டாள்: “சாருக்கு அந்த வலது காது இப்ப எப்படிக்கா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

எந்தக் காது என்று கேட்க வாய் திறந்தது. திறந்த வாய் தானாகவே, “காட்டணும்” என்றது. “அடுத்த வாரம் காட்டலாம்னு இருக்கோம்.” எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். இவளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியாது என்பது இவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. வேறு எது போனாலும் போகட்டும், அது தெரியக் கூடாது. இமெல்டா சொல்லிக்கொண்டே போனாள். முதல்நாள் வந்தபோதே சார் சொன்னாராம், வண்டியில் சத்தம் வருதாம், என் வீட்ல சொன்னாங்க, அவங்க சொன்னா இருக்கும், எனக்குத்தான் கேட்கமாட்டேங்குது, வலது காது போச்சு, இடதும் மந்தமாயிட்டு வருது என்று. இவள் நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்தச் சொன்னாளாம். சர்வீஸ் சென்டரில் கற்றுக்கொண்ட வழி. வைத்ததும் எலும்பு வழியாக அவருக்குக் கேட்டதாம். “அழுதுட்டாருக்கா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, உள்ள போய்த் தண்ணி எடுத்துட்டு வந்தேன். மூணு மாசமா மாத்திடலாம் மாத்திடலாம்னு நானும் சொல்றேன். அட்ஜஸ்ட் பண்ற அளவெல்லாம் தீந்துபோச்சு. ஓட்டத்துல நழுவுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிடும், வண்டி அங்கேயே நின்னுடும். சார்தான் அடுத்த தடவை கேட்டுட்டு முடிவு பண்ணலாங்கறாரு.” கமலவேணி தலையாட்டினாள். எல்லாம் தெரிந்தவள் போல ஆட்டினாள். அழுதிருக்கிறார். மாமனார் இறந்தபோது அழாதவர், மகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியபோது பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இவள் முன்னால் அழுதிருக்கிறார். கட்டிப்பிடித்தோம், கையைத் தொட்டோம் என்று இவள் சொல்லியிருந்தால்கூட இந்த அளவு எரிந்திருக்காது. அந்த ‘ம்’கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அலட்சியம் என்று எண்ணி எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள், அவள் பேசாமல் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னது, பல் வலி என்று சொன்னது, எல்லாம் காற்றில் போயிருக்கிறது. அந்தப் பஸ். வலது பக்கம்தானே முந்துவார்கள். லாரி, பஸ், எல்லாம் வலது பக்கமாகத்தானே வரும். தினமும் இருபது கிலோமீட்டர், பைபாஸில், உள்ளே எந்த நேரம் நழுவும் என்று தெரியாத ஒரு செயினோடு, பின்னால் வருவது எதுவும் காதில் விழாமல் போய்க்கொண்டிருக்கிறார், அவள் இங்கே சட்டை இஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இமெல்டா,” என்றாள். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள், சொல்வதற்குச் சிரமமாகத்தான் இருந்தது. “இன்னிக்கே பிரிச்சுடுங்க. ஆனா சீக்கிரம் முடிக்காதீங்க. ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும். காதைக் காட்டி, டாக்டர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு அப்புறமா வண்டி வந்தாப் போதும்.” இமெல்டா பல்துலக்கியைக் கீழே வைத்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு கமலவேணியை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தப் பார்வையில் தனக்கு இதுவரை ஒன்றும் தெரியாது என்பதை இமெல்டா கண்டுகொண்டுவிட்டாள் என்று கமலவேணிக்குப் புரிந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை. “சாமான் வெளியூர்லேர்ந்து வரணும்னு சொல்லிடறேங்க்கா” என்றாள். கேட்காமல் விட்டதற்காக நன்றியாக இருந்தது, நன்றியாக இருப்பது எரிச்சலாகவும் இருந்தது. அவர் டீயோடு வந்தார். மூவரும் குடித்தார்கள். அவர் எந்த ஸ்டூலில் உட்கார்ந்தாலும் இமெல்டா இடது பக்கமாக இருக்கும்படி உட்கார்கிறார் என்பது இப்போது தெரிந்தது. இருபத்து மூன்று வருடமாகக் கட்டிலில் அவள் படுப்பது அவருக்கு வலது பக்கம்.

இமெல்டா சாவியைப் போட்டு ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தாள். அந்தச் சத்தம், தெருமுனையிலிருந்து அவள் தினமும் கேட்கிற அதே டப்பாக் கல், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதிப் பெரிதாக வந்தது. ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் கொடுத்தாள். அவர் குனிந்து, முனையை இன்ஜினின் இடுப்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். கமலவேணி அந்த முகத்தைப் பார்த்தாள். இதற்குமுன் அவள் அதைப் பார்த்ததே இல்லையா, அல்லது கல்லணை ரோட்டில் பார்த்து மறந்துபோனாளா தெரியவில்லை. பசித்தவன் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்பார்களே, அந்த மாதிரி பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது, திருப்பவில்லை. வேறொருத்தி அவருக்கு இதைக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கொடுத்திருக்கிறாள். தனக்கு அது தோன்றியிருக்காது, தோன்ற நியாயமும் இல்லை, அவர் சொல்லவே இல்லையே என்று ஒரு மனம் வாதாடியது. இன்னொரு மனம், நீ கேட்டாயா என்றது. அவர் நிமிர்ந்து, இன்னும் ஒரு மாதம் தாங்கும் போலிருக்கிறதே என்றார் இமெல்டாவிடம். இமெல்டா கமலவேணியைப் பார்த்து, “அக்கா, உங்களுக்குக் கேக்குதா?” என்றாள். கமலவேணி எழுந்து அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். “எனக்கு ரொம்ப நாளாக் கேக்குது. மாத்திடலாம், இன்னிக்கே” என்றாள். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து இமெல்டாவின் கையில் வைத்தார். வைத்த பிறகும் விரல் ஒரு நொடி சாவியின் மேலேயே இருந்தது. கமலவேணி அந்த ஒரு நொடியையும் பார்த்தாள், பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பதினொன்றரை மணி வெயில். அவள் பழக்கப்படி அவருக்கு வலது பக்கமே வந்துவிட்டிருந்தாள், அதைக் கவனித்ததும் மாறலாமா என்று நினைத்து, மாறாமலே நடந்தாள். இந்தப் பக்கம் எது வேண்டுமானாலும் சொல்லலாம். பயம் ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக நெஞ்சில் வைத்து உருட்டியதை இங்கே கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். “எனக்கு அந்தப் பொம்பளையைப் பார்த்தாப் பொறாமையா இருக்கு” என்றாள், சாதாரணக் குரலில், முன்னால் பார்த்துக்கொண்டே. அவர் தலையாட்டினார். “ஆமா, வெயில் ஜாஸ்திதான். ஆட்டோ பிடிச்சிடலாமா?” என்றார். எவ்வளவு பக்குவமாகச் சமாளிக்கிறார். எத்தனை வருடமாக இதே மாதிரி வெயிலையும் தக்காளியையும் காஸ் சிலிண்டரையும் வைத்துச் சமாளித்து வந்திருக்கிறார். அவள் என்ன சொல்வாள் என்று அவருக்கு மனப்பாடம், அதனால் வீட்டில் காது தேவைப்படவில்லை. அந்த நினைப்பு இமெல்டாவை விடவும் அதிகமாக வலித்தது. இப்படியே விட்டுவிடலாம். ஆட்டோவில் ஏறினால் பேச வேண்டியதில்லை. கமலவேணி இரண்டு எட்டு பின்தங்கி, அவர் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றி இடது பக்கம் வந்தாள்.

“நான் வெயிலைப் பத்திச் சொல்லலீங்க. அந்த இமெல்டாவைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குன்னு சொன்னேன்.”

அவர் நின்றுவிட்டார். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது, கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். இஸ்திரிச் சட்டையின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மடித்து வைக்கப் போனவர் திரும்பவும் துடைத்தார்.

“எனக்கும்தான் வேணி,” என்றார். “பத்தடி தள்ளி நிக்கறாங்க, உள்ள ஓடறது எல்லாம் அவங்களுக்குக் கேக்குது.”